சிறுநீரகம் மாற்றியவருக்கு எதிர்ப்பு சக்திக் காளான் தூள் கொடுக்கலாமா?

சிப்பிக்கூடம்
ஞாயிறு, காலை 6:40

எல்லாருக்கும் வணக்கம். பொள்ளாச்சிப் பக்கம், வீட்டை ஒட்டிய கீற்றுக் கொட்டகையில் மூன்று வருஷமாகச் சிப்பிக் காளான் போடுகிறேன். காளான் வளரும் வைக்கோல் படுக்கையில் பச்சைப் பூசணம் வந்தபோது இங்கே கேட்டு, நிறையப் பேர் வழி சொன்னீர்கள். இந்த முறை கேள்வி வேறு.

என் மாமனாருக்கு 61 வயது. போன வருஷம் சிறுநீரகம் மாற்றினோம், கொடுத்தது என் மாமியார். எதிர்ப்பு சக்தியை அடக்க டாக்ரோலிமஸ், மைக்கோஃபினோலேட், கூடவே கொஞ்சம் ஸ்டீராய்டு என்று மாத்திரை ஓடுகிறது. ஆள் நன்றாக இருக்கிறார். சும்மா உட்காருங்கள் என்றால் கேட்பதில்லை. வைக்கோல் வெட்டித் தருவார், படுக்கை கட்டும்போது கூட வந்து உட்கார்ந்துகொள்வார்.

இப்போது என் நாத்தனார் வீட்டுக்காரர் ஒரு டப்பா கொண்டுவந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார். நாலு வகைக் காளான் கலந்த தூளாம், 2,800 ரூபாய். கீழே ஆள் சேர்த்துச் சேர்த்து விற்கிற வியாபாரம். "எதிர்ப்பு சக்தி கூடும், வைத்த சிறுநீரகம் இருபது வருஷம் நிற்கும்" என்கிறார். டப்பாவில் 'பாலிசாக்கரைடு 40%' என்று போட்டிருக்கிறது. மாமா பாதி நம்பிவிட்டார். "காளான் விக்கிற நீயே காளான் வேண்டாம்னா எப்படிம்மா" என்று என்னையே மடக்குகிறார்.

காளானில் எதிர்ப்பு சக்திக்கு உண்மையிலேயே ஏதாவது இருக்கிறதா? இருந்தால் அது அவருக்கு நல்லதா? எங்கள் வீட்டில் வாரம் இரண்டு நாள் காளான் குழம்பு வைக்கிறோம், அதையும் நிறுத்த வேண்டுமா? மாப்பிள்ளை முறை என்பதால் நறுக்கென்று மறுக்கவும் முடியவில்லை.

—

ரோட்டுக்கடை
ஞாயிறு, காலை 7:15

எங்கள் கோயம்புத்தூர்ப் பக்கம் தள்ளுவண்டிக் காளான் சாப்பிட்டால் எந்த எதிர்ப்பு சக்தியும் கூடாது, குறையாது. உள்ளே இருப்பது முக்கால்வாசி முட்டைக்கோஸ். 😄

மன்னிக்கவும் அக்கா. விவரம் தெரிந்தவர்கள் வருவார்கள்.

—

தென்னந்தோப்பு
ஞாயிறு, காலை 8:02

சகோதரி, தாராளமாகக் கொடுங்கள். ஜப்பானில் காளானிலிருந்து எடுத்த சத்தைப் புற்றுநோய்க்கே மருந்தாகக் கொடுத்திருக்கிறார்கள், அரசாங்க அனுமதியோடு. இது கட்டுக்கதை இல்லை. என் சித்தப்பா இரண்டு வருஷமாக ரெய்ஷி காளான் கலந்த காப்பிதான் குடிக்கிறார், சளி, காய்ச்சல் எதுவும் அண்டவில்லை. இயற்கைப் பொருள், பக்க விளைவு கிடையாது. ஆங்கில மருந்துக்காரர்கள் இதையெல்லாம் சொல்ல மாட்டார்கள்.

—

நுண்ணோக்கி
ஞாயிறு, காலை 10:30

நான் கல்லூரியில் நுண்ணுயிரியல் நடத்தி ஓய்வு பெற்றவன். தென்னந்தோப்பு சொன்னதில் பாதி சரி. அந்தச் சரியான பாதியிலிருந்தே வருகிறேன்.

காளானின் செல் சுவரில் பீட்டா குளுக்கான் என்று ஒன்று உண்டு. குளுக்கோஸ் மணிகளை வரிசையாகக் கோத்த சங்கிலி. மாவுச்சத்தும் குளுக்கோஸ் சங்கிலிதான், ஆனால் மணிகளைக் கோத்த விதம் வேறு. அதனால் நம் வயிறு சோற்றை உடைக்கும், இதை உடைக்காது. நம் உடம்பு இந்தப் பொருளைச் செய்வதும் இல்லை. ஆகவே உடம்புக்குள் இதைக் கண்டால் வெள்ளணுக்களுக்கு ஒரே அர்த்தம்தான்: பூஞ்சை உள்ளே வந்துவிட்டது.

இதைக் கண்டுபிடிக்க, கிருமிகளை விழுங்கும் மேக்ரோஃபேஜ் போன்ற வெள்ளணுக்களின் மேல் டெக்டின்-1 என்ற ஏற்பி இருக்கிறது. அது பீட்டா குளுக்கானைப் பிடிப்பதை 2001இல் ஆக்ஸ்ஃபோர்டில் கார்டன் பிரவுனும் சைமன் கார்டனும் காட்டினார்கள். வாய்ப்புண் கொடுக்கும் கேண்டிடா பூஞ்சையின் சுவரிலும் இந்தப் பொருள் இருக்கிறது, உங்கள் குழம்பில் மிதக்கும் சிப்பிக் காளானிலும் இருக்கிறது. அந்த ஏற்பிக்கு இரண்டும் ஒரே சாதி. தெருநாய் புது ஆளைப் பார்த்துக் குரைப்பது மாதிரி அணு விழித்துக்கொண்டு சைட்டோகைன் என்ற சமிக்ஞைப் புரதங்களை விடும், அக்கம்பக்கத்து அணுக்களைக் கூப்பிடும். கண்ணாடிக் குழாயில் இதைத் தெளிவாகப் பார்க்கலாம். தூள் விற்பவர்கள் காட்டும் ஆய்வுகளில் பெரும்பாலானவை இந்தக் குரைப்பைப் பதிவு செய்தவைதான். திருடன் பிடிபட்டானா என்பது தனிக் கேள்வி.

ஜப்பான் கதைக்கு வருகிறேன். ஷிட்டாகே காளானிலிருந்து லென்டினன் என்ற பீட்டா குளுக்கானைப் பிரித்தெடுத்து, எலிகளில் வைத்த கட்டி கரைந்ததாக கோரோ சிஹாராவின் குழு 1969இல் 'நேச்சர்' இதழில் எழுதியது. லென்டினன் கட்டியை நேரடியாகக் கொல்லவில்லை என்பதுதான் அதில் சுவாரசியம். டி அணுக்கள் என்ற வெள்ளணுக்கள் முதிரும் தைமஸ் சுரப்பியைப் பிறந்த உடனே எடுத்துவிட்ட எலிகளில் அது வேலை செய்யவே இல்லை. அதாவது எலியின் டி அணுக்கள் இருந்தால்தான் மருந்துக்கு மதிப்பு. 1985இல் ஜப்பான் அதை இரைப்பைப் புற்றுக்குக் கீமோதெரபியோடு துணையாகக் கொடுக்க அனுமதித்தது. கொடுத்தது ஊசியில், நரம்பு வழியாக. சுத்தம் செய்த ஒரே பொருள், அளந்த அளவு. டப்பாவிலிருந்து ஒரு கரண்டி எடுத்து வெந்நீரில் கலக்குவது வேறு சமாச்சாரம்.

வாய் வழியாகப் போனால் என்ன ஆகும்? பெரும்பகுதி ரத்தத்தில் ஏறுவதில்லை. குடல் சுவரில் உள்ள நோயெதிர்ப்புத் திட்டுகள் கொஞ்சம் உறிஞ்சிப் பார்க்கும், மிச்சத்தைக் குடல் பாக்டீரியா தின்னும். விளைவே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஊசியின் பெருமையைத் தூளுக்கு எழுதிக் கொடுக்க முடியாது.

மாமனார் விஷயத்தை மருந்து தெரிந்தவர் யாராவது சொல்வதுதான் முறை.

—

தென்னந்தோப்பு
ஞாயிறு, காலை 11:10

ஐயா, மரியாதையோடு கேட்கிறேன். எலியில் வேலை செய்தது, ஜப்பான்காரனுக்கு ஊசியில் வேலை செய்தது. அப்புறம் வாயில் போட்டால் மட்டும் வேலை செய்யாதா? குறைவாகவாவது செய்யும் இல்லையா? குறைவான நன்மை, அதுவும் நன்மைதானே.

—

மருந்துச்சீட்டு
ஞாயிறு, மதியம் 1:45

மருந்துக் கடையில் 14 வருஷம் நின்றவள் என்ற முறையில் சொல்கிறேன். தென்னந்தோப்பு அண்ணா, நீங்கள் சொல்வதையே எடுத்துக்கொள்வோம், தூள் கொஞ்சமாவது வேலை செய்கிறது என்றே வைப்போம். இந்த மாமாவுக்கு அது நன்மை இல்லை. பயம் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

அவர் உடம்பில் இருப்பது அத்தையின் சிறுநீரகம். அவருடைய வெள்ளணுக்களுக்கு அது அந்நியப் பொருள். அவை அதைத் தாக்காமல் இருக்கத்தான் காலை, மாலை தவறாமல் மூன்று மாத்திரை விழுங்குகிறார். தூங்க வைத்த அணுக்களை எழுப்புகிறேன் என்று சொல்லும் பொருளை, எழுப்புமோ எழுப்பாதோ, அவருக்கு எதற்குக் கொடுக்க வேண்டும்? தூள் வேலை செய்யாவிட்டால் 2,800 ரூபாய் போச்சு. வேலை செய்தால் சிறுநீரகம் போகலாம். இதில் லாபம் எந்தப் பக்கம்?

"எதிர்ப்பு சக்தி கூடணும்" என்று கொரோனா காலத்தில் நாம் எல்லாரும் சொல்லிப் பழகிவிட்டோம். அது வங்கிக் கணக்கு மாதிரி ஏற ஏற நல்லது என்ற நினைப்பு. முடக்குவாதம், லூபஸ், சொரியாசிஸ், இதெல்லாம் எதிர்ப்பு மண்டலம் குறைந்து வருவதில்லை, சொந்த உடம்பின் மேலேயே அது பாய்வதால் வருவது. அந்த வியாதிக்காரர்களும் இந்தத் தூள் பக்கம் போகும் முன் தங்கள் மருத்துவரிடம் கேட்க வேண்டும்.

இன்னொரு விஷயம். மாமாவின் மருந்து டப்பாவில் ஏற்கெனவே ஒரு பூஞ்சை இருக்கிறது! மைக்கோஃபினோலேட் பூஞ்சையிலிருந்து வந்ததுதான். 1893இல் இத்தாலியில் கோசியோ என்ற மருத்துவர் கெட்டுப்போன மக்காச்சோளத்தில் வளர்ந்த பெனிசிலியத்திலிருந்து அதன் மூலப்பொருளைப் பிரித்தார். உறுப்பு மாற்று சிகிச்சையையே தூக்கி நிறுத்திய சைக்ளோஸ்போரின், நார்வேயில் ஹார்டாங்கர்விட்டா பீடபூமி மண்ணில் கிடைத்த பூஞ்சையிலிருந்து வந்தது. ஆக, பூஞ்சை என்றாலே எதிர்ப்பு சக்தியைக் கூட்டும் என்பதே தப்பு. அடக்கவும் தெரியும் அதற்கு.

—

நுண்ணோக்கி
ஞாயிறு, மதியம் 2:20

மேலே சொன்னதற்கு ஒரு சின்னச் சேர்க்கை. உண்ணும் காளானுக்குள்ளேயே இந்த இரண்டு முகமும் உண்டு. ஊசிக் காளான் என்று மெல்லிசாகக் கொத்தாக வருமே, எனோகி, அதில் எஃப்ஐபி எனப்படும், எதிர்ப்பு மண்டலத்தை மாற்றியமைக்கும் பூஞ்சைப் புரத வகை ஒன்று இருக்கிறது. ரெய்ஷியில் எல்இசட்-8 என்ற உறவுக்காரப் புரதம். சோதனைக் குழாயில் இவை லிம்போசைட் என்ற வெள்ளணுக்களைப் பெருகச் செய்யும். ஆனால் எலிகளில் கடும் ஒவ்வாமையைத் தணிப்பதையும் பார்த்திருக்கிறார்கள். அதனால்தான் ஆய்வாளர்கள் தூண்டுவது என்று எழுதாமல், மாற்றியமைப்பது என்று பொதுவாக எழுதுகிறார்கள். டப்பாவில் ஒட்டும்போது அது 'கூட்டும்' என்று ஆகிவிடுகிறது.

தென்னந்தோப்பு ரெய்ஷி பற்றிச் சொன்னார். புற்றுநோயாளிகளுக்கு அது உதவுகிறதா என்று, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பு 2016இல் கூட்டிப் பார்த்தபோது ஐந்தே சோதனைகள், மொத்தம் 373 பேர். முதல் சிகிச்சையாக வைக்கப் போதுமான சான்று இல்லை என்பதே முடிவு.

—

வரப்பு
ஞாயிறு, மாலை 4:05

தென்னந்தோப்பு என்று பெயர் வைத்துக்கொண்டு கனோடெர்மாவைப் புகழ்வதுதான் எனக்குத் தாங்கவில்லை. ரெய்ஷி என்று தங்க நிற டப்பாவில் வருவது கனோடெர்மா. நம் தென்னையில் அடித்தண்டிலிருந்து செம்பழுப்புச் சாறு ஒழுகி, மட்டை தொங்கி, மரமே பட்டுப்போகும் தஞ்சாவூர் வாடல் நோய்க்குக் காரணமும் கனோடெர்மாதான். 1952 புயலுக்குப் பிறகு தஞ்சாவூரில் பரவியதால் அந்தப் பெயர். எங்கள் தோப்பில் அடிமரத்தில் மண்ணை ஒட்டிச் செருப்பு மாதிரி முளைத்தால் அப்பா உடனே வெட்டி எரிப்பார். யாரோ இதைக் காப்பியில் கலந்து விற்கிறார்கள் என்று தெரிந்திருந்தால் எரித்திருக்க மாட்டார்.

—

தென்னந்தோப்பு
ஞாயிறு, மாலை 4:30

😀 எங்கள் தோப்பிலும் நாலு மரம் போனது. சித்தப்பாவிடம் சொல்கிறேன்.

சரி, மாற்று சிறுநீரகக்காரருக்கு வேண்டாம், ஒப்புக்கொள்கிறேன். மருந்துச்சீட்டு சொன்ன கணக்கு எனக்குத் தோன்றவில்லை.

—

ரெண்டுபிள்ளைக்காரி
ஞாயிறு, இரவு 8:15

இடையில் வருவதற்கு மன்னிக்கவும். நோய் எதுவும் இல்லாத சாதாரண ஆட்களுக்கு என்ன? என் பையன்கள் இருவருக்கும் பள்ளி திறந்தால் மாதம் ஒரு சளி. காளான் கொடுத்தால் குறையுமா? தூள் கேட்கவில்லை, சாப்பாடாக.

—

நுண்ணோக்கி
ஞாயிறு, இரவு 9:50

அம்மா, மனிதர்களில் செய்த ஆய்வுகள் கொஞ்சம்தான். எனக்கு நினைவில் நிற்கும் மூன்றைச் சொல்கிறேன்.

அமெரிக்காவில் ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தில் ஆரோக்கியமான 52 இளவயதுக்காரர்களுக்குத் தினம் 5 அல்லது 10 கிராம் உலர்ந்த ஷிட்டாகே, நாலு வாரம் கொடுத்தார்கள். 2015இல் முடிவு வந்தது. எச்சிலில் ஐஜிஏ எதிர்ப்புரதம் கூடியது, காமா டெல்டா டி அணுக்கள் என்ற ஒரு வகை வெள்ளணுக்கள் நன்றாகப் பெருகின, அழற்சியைக் காட்டும் சிஆர்பி குறைந்தது. நல்ல செய்திதான். ஆனால் காளான் சாப்பிடாத ஒப்பீட்டுக் குழு அதில் கிடையாது. அவர்கள் அளந்தது ரத்தத்தையும் எச்சிலையும். யாருக்குச் சளி பிடித்தது என்பதை அளக்கவில்லை.

ஆஸ்திரேலியாவில் 24 பேர். பாதிப் பேருக்கு வெந்நீரில் வாட்டிய மொட்டுக் காளான் தினம் 100 கிராம், ஒரே ஒரு வாரம். எச்சிலில் ஐஜிஏ சுரப்பு ஏறக்குறைய ஒன்றரை மடங்கானது. சாப்பிடுவதை நிறுத்திய பிறகும் ஒரு வாரம் அப்படியே நின்றது, அதற்கப்புறம் பழைய இடத்துக்கே வந்துவிட்டது. ஒரு வாரம் சாப்பிட்டு வருஷம் முழுக்கப் பலன் எதிர்பார்ப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

மூன்றாவதுதான் உங்களுக்குத் தேவையானது. ஸ்லோவாக்கியாவில் அடிக்கடி சளி, இருமல் வரும் 175 குழந்தைகள். ஒரு குழுவுக்குச் சிப்பிக் காளானிலிருந்து எடுத்த ப்ளூரன் என்ற பீட்டா குளுக்கானும் வைட்டமின் சியும், மற்ற குழுவுக்கு வைட்டமின் சி மட்டும். ஒருமுறைகூடத் தொற்று வராத குழந்தைகள் ப்ளூரன் குழுவில் 36%, மற்றதில் 21%. இது உண்மையான வித்தியாசம். அதே நேரம், ப்ளூரன் வாங்கியவர்களிலும் மூன்றில் இரண்டு பங்குக் குழந்தைகளுக்குச் சளி வந்தது என்பதையும் சேர்த்துப் படியுங்கள். அது அளந்து கொடுத்த சிரப், குழம்பு இல்லை.

பையன்களுக்குக் காளான் பிடித்தால் செய்து கொடுங்கள். புரதம், நார்ச்சத்து, பி வைட்டமின்கள் எல்லாம் இருக்கிறது. எர்கோதயோனின் என்ற ஒரு பொருளும் இருக்கிறது. அதை நம் உடம்பு செய்யாது, ஆனால் அதை மட்டும் பிடித்து உள்ளே இழுக்க நம் செல்களில் தனியாக ஒரு கடத்தி இருக்கிறது. சாப்பாட்டில் அது அதிகமாகக் கிடைப்பது காளானில்தான். இவ்வளவு மெனக்கெட்டு உடம்பு எதற்குச் சேர்த்து வைக்கிறது என்பதுதான் இன்றைக்கும் என்னை இந்தத் துறையில் கட்டிப்போட்டிருக்கும் கேள்வி.

சமைக்கும் முன் ஒரு மணி நேரம் மதிய வெயிலில், குடைக்கு அடியில் உள்ள மடல் பக்கம் மேலே பார்க்கப் பரப்பி வையுங்கள். காளானில் உள்ள எர்கோஸ்டெரால் புற ஊதாக் கதிர் பட்டு வைட்டமின் டி2 ஆகும். எதிர்ப்பு அணுக்களுக்கு வைட்டமின் டி தேவை என்பதில் சண்டை இல்லை. செலவும் இல்லை.

—

கிள்ளான்வாசி
திங்கள், காலை 7:20

மலேசியாவிலிருந்து. இங்கே சீனக் கடைகளில் ஷிட்டாகே நம் ஊர் வெங்காயம் மாதிரி, எல்லாவற்றிலும் போடுவார்கள். ஒரு அனுபவம் சொல்கிறேன்.

ஒரு விருந்தில் மேசை நடுவே கொதிக்கும் சாறில் நாமே முக்கிச் சாப்பிடும் சாப்பாடு. பேச்சு சுவாரசியத்தில் புது ஷிட்டாகேயை அரைகுறையாக வேகவைத்தே நிறையத் தின்றுவிட்டேன். இரண்டாம் நாள் முதுகிலும் தொடையிலும் சாட்டையால் விளாசின மாதிரி சிவப்புக் கோடு கோடாக. அரிப்பு தாங்கவில்லை. சட்டையைக் கழற்றிக் காட்டினதும் மனைவி பயந்துவிட்டாள், யாரோ அடித்தார்கள் என்றே நினைத்தாள். தோல் மருத்துவர் பார்த்த உடனே கேட்ட முதல் கேள்வி: "காளான் சாப்பிட்டீங்களா?"

ஜப்பானில் 1977லேயே இதை எழுதி வைத்திருக்கிறார்களாம். காரணமாகச் சந்தேகப்படுவது இங்கே எல்லாரும் புகழும் அதே லென்டினன். பத்து நாளில் மறைந்துவிட்டது. இப்போதும் ஷிட்டாகே சாப்பிடுகிறேன், நன்றாக வெந்த பிறகு மட்டும். 'பக்க விளைவு கிடையாது' என்று யாராவது சொன்னால் என் முதுகு ஞாபகம் வருகிறது.

—

நுண்ணோக்கி
திங்கள், காலை 8:00

மிகப் பொருத்தமான சாட்சி. வேகவைப்பதால் பீட்டா குளுக்கான் வீணாகிவிடும் என்று பயப்பட வேண்டாம், பெரும்பகுதி தாங்கும். நீரில் கரையும் பகுதி சாறில் இறங்கும், ஆகவே வேகவைத்த தண்ணீரைக் கொட்டிவிட்டு மிச்சத்தில் சத்துத் தேடாதீர்கள். காளானின் செல் சுவரில் கைட்டின் என்ற கெட்டியான பொருளும் இருப்பதால் பச்சையாகத் தின்றால் செரிப்பதும் சிரமம்.

சிப்பிக்கூடம், உங்களிடம் அந்த டப்பா இன்னும் இருக்கிறதா? இருந்தால் ஒரு சின்னச் சோதனை. புண்ணுக்குப் போடும் அயோடின் மருந்து வீட்டில் இருக்கும். தூளைக் கால் கரண்டி எடுத்துக் கொஞ்சம் வெந்நீரில் கலந்து ஆறவிடுங்கள். உங்கள் சொந்தச் சிப்பிக் காளானைக் காயவைத்துப் பொடித்து இன்னொரு கிண்ணத்தில் அதே மாதிரி. மூன்றாவதில் அரிசி மாவு. மூன்றிலும் இரண்டு சொட்டு அயோடின் விட்டுப் பாருங்கள்.

—

சிப்பிக்கூடம்
திங்கள், மாலை 5:35

செய்து பார்த்தேன். மாமாவையே உட்கார வைத்துச் செய்தேன்.

அரிசி மாவு உடனே கருநீலம். எங்கள் காளான் பொடி டீ நிறத்திலேயே நின்றது, கலக்கிப் பார்த்தும் மாறவில்லை. டப்பாத் தூள் முதலில் கறுத்தது, அப்புறம் ஓரத்தில் நீலம் பரவி அரிசி மாவுக் கிண்ணத்துக்குத் தங்கை மாதிரி ஆகிவிட்டது. மாமா இரண்டு கிண்ணத்தையும் ஜன்னல் பக்கம் தூக்கிப் பார்த்துவிட்டு, "இதுல காளான் எங்க இருக்கு?" என்றார்.

இதற்கு என்ன அர்த்தம் என்று விளக்கமாகச் சொல்ல முடியுமா? நாத்தனார் வீட்டுக்காரர் புதன்கிழமை வருகிறார்.

—

நுண்ணோக்கி
திங்கள், மாலை 6:40

தூளில் மாவுச்சத்து கணிசமாக இருக்கிறது என்று அர்த்தம். காளான் தன் சேமிப்பை மாவுச்சத்தாக வைப்பதில்லை, கிளைகோஜன் என்ற வேறு வகைக் குளுக்கோஸ் சங்கிலியாக வைக்கும். நீலம் வந்தால் அது தானியத்தின் மிச்சம். இந்த வியாபாரத்தில் பலர் காளான் முளைக்கும் வரை காத்திருப்பதே இல்லை. வேகவைத்த தானியத்தில் பூஞ்சை இழையை ஓடவிட்டு, தானியத்தோடு சேர்த்துக் காயவைத்து அரைத்துவிடுவார்கள். உங்கள் காளான் வித்துப் பாக்கெட் இருக்கிறதே, கிட்டத்தட்ட அதை அப்படியே அரைத்த மாதிரி.

'பாலிசாக்கரைடு 40%' என்பது பொய்யாகவும் இருக்க வேண்டியதில்லை. பாலிசாக்கரைடு என்றால் சர்க்கரை மணிகளைக் கோத்த நீளச் சங்கிலி, அரிசியின் மாவுச்சத்தும் அதுதான். லேபிளில் பார்க்க வேண்டியது பீட்டா குளுக்கான் எவ்வளவு என்பதை. ஒரு எச்சரிக்கை: நீலம் வராவிட்டால் அது நல்ல தூள் என்று இந்தச் சோதனை சொல்லாது. மாவு கலந்ததை மட்டும் பிடிக்கும்.

—

ரோட்டுக்கடை
திங்கள், மாலை 6:52

2,800 ரூபாய்க்குச் சோள மாவு. எங்கள் தள்ளுவண்டிக்காரர் 60 ரூபாய்க்கே தருகிறார், மேலே வெங்காயமும் தூவி.

—

படுக்கைக்காரர்
திங்கள், இரவு 9:25

தங்கச்சி, நான் 11 வருஷமாகக் காளான் போட்டு, இப்போது கொட்டகைக்குள் போக முடியாமல் வெளியே நிற்கிறவன். எல்லாரும் தூளைப் பற்றியே பேசுகிறீர்கள். நீங்கள் முதல் பதிவில் எழுதிய ஒரு வரி எனக்கு உறுத்திக்கொண்டே இருக்கிறது. மாமா வைக்கோல் வெட்டுகிறார், படுக்கை கட்டும்போது கூட உட்காருகிறார் என்றீர்கள்.

என் கதையைக் கேளுங்கள். சிப்பிக் காளானின் ஓரம் விரிந்து தட்டையாகிவிட்டால் வித்துத்தூள் கொட்ட ஆரம்பிக்கும் என்பது உங்களுக்கே தெரியும். விடிகாலையில் கீற்று இடுக்கு வழியாக வெயில் விழுமே, அந்த வெளிச்சக் கம்பியில் புகை மாதிரி மிதப்பதைப் பார்த்திருப்பீர்கள். கீழ் வரிசைப் படுக்கையின் மேல் மாவு தூவின மாதிரி வெள்ளையாகப் படியும். எடை கூடட்டும் என்று நான் ஒருநாள் தாமதித்தே பறிப்பேன். முகத்துக்குத் துண்டுகூடக் கட்டியதில்லை.

மூன்றாம் வருஷமே ஆரம்பித்தது. காலையில் பறித்தால் மாலையில் குளிர் காய்ச்சல், வறட்டு இருமல், மூச்சு வாங்கும். மறுநாள் சரியாகிவிடும். கல்யாணம், காதுகுத்து என்று வெளியூர் போய் நாலு நாள் இருந்தால் ஒன்றுமே வராது. மலேரியாவுக்கு இரண்டு முறை பார்த்தோம், காசநோய்க்குச் சளி கொடுத்தோம். கடைசியில் ஒரு நுரையீரல் மருத்துவர் தொழில் என்ன என்று கேட்ட பிறகுதான் தெரிந்தது. வித்துத்தூளைப் பகையாக நினைத்து என் எதிர்ப்பு மண்டலமே நுரையீரலில் சண்டை போட்டிருக்கிறது. காளான் எதிர்ப்பு மண்டலத்தைத் தூண்டுமா என்று கேட்டால், என் நுரையீரல் படத்தைக் காட்டுவேன். தூண்டும் தாயி, நன்றாகவே தூண்டும்.

மாமாவுக்கு மருந்தால் அந்தச் சண்டை அடங்கியிருக்கலாம், அது தெரியாது. ஆனால் ஊறிக் காய்ந்த வைக்கோலில் வரும் பூசணம் வேறு இருக்கிறது. மருந்து தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

—

மருந்துச்சீட்டு
திங்கள், இரவு 10:05

அண்ணா, நான் அந்த வரியைத் தாண்டிப் போய்விட்டேன். வெட்கமாக இருக்கிறது. அங்கேதான் முதலில் நின்றிருக்க வேண்டும்.

சிப்பிக்கூடம், இது தூளைவிட அவசரம். பழைய வைக்கோல், பூசணம் பிடித்த படுக்கை, மக்கும் கழிவு, இவற்றில் ஆஸ்பர்ஜில்லஸ் என்ற பூஞ்சை சகஜம். கலைத்தால் அதன் வித்து காற்றில் பறக்கும். நீங்களும் நானும் தினமும் அதைச் சுவாசிக்கிறோம், நம் வெள்ளணுக்கள் சத்தமில்லாமல் தின்றுவிடும். நுண்ணோக்கி ஐயா சொன்னாரே, பீட்டா குளுக்கானைக் கண்டு குரைக்கும் காவல், அதன் நிஜமான வேலையே இதுதான். மாமாவுக்கு அந்தக் காவலை மருந்து கொடுத்து அடக்கி வைத்திருக்கிறோம். அவருக்கு அது நுரையீரலில் வேர்விட்டால் உயிருக்கே ஆபத்து.

நாளையிலிருந்து அவர் வைக்கோல் வெட்ட வேண்டாம், கொட்டகைக்குள் வர வேண்டாம், பழைய படுக்கைகளைக் குப்பைக்குழியில் கொட்டும் இடத்துக்கும் வர வேண்டாம். அடுத்த முறை காட்டும்போது கொட்டகை விஷயத்தை மருத்துவரிடம் நீங்களே வாய்விட்டுச் சொல்லுங்கள். இருமல், காய்ச்சல் ஏதாவது இருந்தால் அடுத்த முறைக்குக் காத்திருக்காமல் அன்றே போங்கள். வெந்த குழம்பில் எந்த வித்தும் உயிரோடு இருக்காது, ஆகவே சாப்பாட்டுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.

—

சிப்பிக்கூடம்
செவ்வாய், காலை 5:50

இரவெல்லாம் தூக்கம் இல்லை. ஒரு வருஷமாக அவர் வெட்டித் தந்த வைக்கோலில்தான் படுக்கை கட்டினேன். பச்சைப் பூசணம் வந்த படுக்கைகளைப் போன மழைக்காலத்தில் அவர்தான் வெளியே தூக்கிப் போட்டார். இருமல் எதுவும் இல்லை. ஆனாலும் இன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் பேசி நேரம் வாங்குகிறேன்.

—

தென்னந்தோப்பு
செவ்வாய், காலை 6:30

சகோதரி, தைரியமாக இருங்கள். வைக்கோல் வெட்ட ஆள் வேண்டுமென்றால் எங்கள் பக்கம் வெட்டும் இயந்திரம் வாடகைக்குக் கிடைக்கிறது, தனிச் செய்தியில் விவரம் அனுப்பியிருக்கிறேன்.

—

சிப்பிக்கூடம்
சனி, இரவு 8:40

தாமதத்துக்கு மன்னிக்கவும். வியாழக்கிழமை போய்வந்தோம்.

மார்புப் படம் சுத்தமாக இருக்கிறது. சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் போன மாதம் இருந்த அளவேதான். டப்பாவைக் கையோடு எடுத்துப் போயிருந்தேன். மருத்துவர் லேபிளைப் படித்துவிட்டு, "இதில் என்ன இருக்குன்னு எனக்கும் தெரியாது, இவருக்கும் தெரியாது, அப்புறம் எதுக்கு?" என்று ஓரமாக வைத்துவிட்டார். உள்ளே வேறு மூலிகை ஏதாவது இருந்தால் டாக்ரோலிமஸ் அளவு ரத்தத்தில் ஏறி இறங்குமாம். மாமா நல்லவேளையாக இன்னும் வாயில் போடவில்லை. நன்றாக வெந்த காளான் தாராளமாகச் சாப்பிடலாம் என்றார் மருத்துவர். கொட்டகையைப் பற்றிச் சொன்னதும்தான் அவர் முகம் மாறியது. மருந்துச்சீட்டு அக்கா எழுதியதை ஏறக்குறைய வார்த்தை மாறாமல் சொன்னார்.

நாத்தனார் வீட்டுக்காரர் புதன்கிழமை வந்தபோது நான் எதுவும் பேசவில்லை. மாமாவே கிண்ணம், அயோடின் எல்லாம் எடுத்து வைத்துச் செய்து காட்டினார். வந்தவர் டப்பாவைத் திருப்பி எடுத்துப் போய்விட்டார். காப்பிகூடக் குடிக்கவில்லை. நாத்தனார் இரண்டு நாளாகப் பேசவில்லை, அது தானாகச் சரியாகும்.

படுக்கைக்காரர் அண்ணா, இப்போது ஓரம் உள்பக்கம் சுருண்டிருக்கும்போதே பறித்துவிடுகிறேன். முகக்கவசம் இல்லாமல் உள்ளே போவதில்லை, வேலைக்கு வரும் அக்காவுக்கும் வாங்கிக் கொடுத்திருக்கிறேன். பெட்டிக்கு எடை கொஞ்சம் குறைகிறது, பரவாயில்லை.

—

ரெண்டுபிள்ளைக்காரி
சனி, இரவு 9:10

மனதுக்கு நிம்மதி அக்கா. சின்னச் சந்தேகம்: சிப்பிக் காளானின் அடித்தண்டு ரப்பர் மாதிரி இருக்கிறதே, அதை வெட்டிப் போட்டுவிடலாமா? சின்னவன் துப்புகிறான்.

—

சிப்பிக்கூடம்
சனி, இரவு 9:30

போடாதீர்கள். வைக்கோல் ஒட்டிய நுனியை மட்டும் சீவிவிட்டு, மிச்சத்தைப் பொடிசாக நறுக்கி மிளகு, பூண்டு தட்டிப் போட்டுக் குக்கரில் நாலு விசில் விட்டுச் சாறாக வையுங்கள். எங்கள் வீட்டில் அதற்குத்தான் அடிதடி.

மாமா வீட்டுத் திண்ணையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். கொட்டகை அங்கிருந்து நாற்பது அடி. "மணலுக்குத் தண்ணி தெளிச்சாச்சா? மூணாவது வரிசை பார்த்தியா?" என்று அங்கிருந்தே சத்தம் போடுகிறார். நான் முகக்கவசத்துக்குள்ளிருந்து சொல்கிற பதில் அவருக்குக் கேட்பதில்லை. அதனால் அதையே திரும்பத் திரும்பக் கேட்கிறார்.